தொப்புள் ஊசி ஏன் மறைந்தது?

திருவண்ணாமலையில் ரமணாசிரமத்துப் பக்கம் செங்கம் சாலையில் நடப்பவரை நாய் கடித்துவிட்டால் என்ன செய்ய வேண்டும்? காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும். அங்கே தோளில் ஊசி போடுவார்கள். உங்கள் பாட்டனாரைக் கேட்டால் வேறு கதை சொல்வார்: தொப்புளைச் சுற்றி 14 ஊசி!

அந்தப் பழைய மருந்தை 1911-இல் செம்பிள் என்பவர் கசௌலியில் உருவாக்கினார். வெறிநோய் வைரசை ஆட்டின் மூளையில் வளர்த்து, மூளையையே அரைத்து, வைரசைச் செயலிழக்கச் செய்து ஊசியில் ஏற்றினார்கள். நமக்குத் தேவை வைரசின் புரதம் மட்டுமே. ஆனால் கூடவே மூளைப் புரதமும் உடலுக்குள் போயிற்று. நரம்பைப் போர்த்தியிருக்கும் மயலின் உறையின் புரதம் அதில் உண்டு. அதை அந்நியன் என்று எண்ணிய உடல், தன் சொந்த நரம்புறையையும் தாக்கும். அதனால் ஊசி போட்டுக்கொண்ட சிலருக்குப் பக்கவாதம் வந்தது. சிலர் இறந்தும் போயினர். நோய்க்கு அஞ்சி மருந்தைத் தேடியவருக்கு எவ்வளவு கொடுமை! இந்தியாவில் இம்மருந்தின் உற்பத்தி 2004 டிசம்பரில் நின்றது.

இப்போது வைரசைக் கண்ணாடிக் கலங்களில் வளரும் செல்களில் பெருக்குகிறார்கள். அவற்றுள் ஒன்று ‘வீரோ’. 1962-இல் ஜப்பானில் ஒரு குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுத்த செல்வழி. நம் குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும் இச்செல்களில் தடுப்பூசி தயாரித்திருக்கிறார்கள்.

செல்லில் வளர்த்தால் மட்டும் தூய்மை வந்துவிடுமா? வராது. செல்லுக்கு உணவாகக் கன்றின் சீரம் ஊற்றுகிறோம். அதில் ஆல்புமின் நிறைய உண்டு. ஆகவே அறுவடைக்கு முன் செல்களைக் கழுவி, சீரமில்லாத திரவத்துக்கு மாற்றுகிறார்கள். வெறிநோய் வைரஸ் செல்லின் மேலுறையிலிருந்து அரும்பி வெளியே வருவதால் செல்லை உடைக்கத் தேவையில்லை. உடைத்தால் குரங்குப் புரதமும் டிஎன்ஏவும் கலந்துவிடும். திரவத்தை மட்டும் வடித்தெடுப்பதே நல்லது. பிறகு சர்க்கரைக் கரைசலில் மிக வேகமாகச் சுழற்றி, அடர்த்தி வேறுபாட்டால் வைரசைத் தனியே பிரிக்கிறார்கள். ஒரு வேளை மருந்தில் மாட்டு ஆல்புமின் 50 நானோகிராமுக்கு மேலும், செல் டிஎன்ஏ 10 நானோகிராமுக்கு மேலும் இருக்கலாகாது.

மைக்கோபிளாஸ்மா என்ற நுண்ணுயிர்தான் பெரிய தொல்லை. அதற்குச் செல்சுவர் இல்லை. ஆகவே பெனிசிலின் பலிக்காது. நுண்வடிகட்டியிலும் நழுவிவிடும். பாக்டீரியா புகுந்தால் திரவம் கலங்கும்; இதுவோ கலக்காமலே உள்ளே வாழும். தனிச் சோதனையில்தான் அகப்படும். அகப்பட்டால் அந்த வளர்ப்பு முழுவதையும் அழித்துவிடுகிறார்கள்.