பழைய வண்டியின் ஹெட்லைட் ஏன் மங்குகிறது? ஒயரிங்கை எப்படிச் சரிசெய்வது?



நம் குழுக்களில் பல குடும்பங்களுக்குப் பழைய வண்டி ஒன்று பிழைப்புக்குத் துணையாக இருக்கிறது. அம்பாசடரோ, ஜீப்போ, வேனோ ஏதோ ஒன்று. உள்கடன் வாங்கி வண்டி எடுத்தவர்களும் உண்டு. விடியற்காலை நாலு மணிக்குச் சந்தைக்குப் போவதும், ராத்திரியில் உடம்புக்கு முடியாதவர்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவதும் அந்த வண்டியில்தான்.

"வண்டி நல்லாத்தான் ஓடுது, லைட்டுதான் மெழுகுவத்தி மாதிரி எரியுது" என்று கூட்டங்களில் உறுப்பினர்கள் சொல்வதை நாங்கள் அடிக்கடி கேட்கிறோம். மெக்கானிக்கிடம் கேட்டால், "பழைய வண்டி அப்படித்தாம்மா இருக்கும்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்களாம். இதைக் கேட்டுச் சும்மா வந்துவிடக் கூடாது. மங்கலான வெளிச்சத்தில் ரோட்டோரம் நடந்து போகிறவரும், விளக்கில்லாத சைக்கிளும், மாட்டு வண்டியும் கிட்டத்தில் வந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். அப்போது பிரேக் பிடித்துப் பயன் இல்லை. வண்டிக்குள் உட்கார்ந்திருப்பதும் நம்ம ஆட்கள்தான்.

காரணம் என்ன, என்ன வேலை செய்ய வேண்டும் என்று நாம் தெரிந்துகொண்டால் மெக்கானிக்கிடம் தைரியமாகக் கேட்டு வாங்கலாம்.

வெளிச்சம் எங்கே குறைகிறது?

அம்பாசடரையே எடுத்துக்கொள்வோம். மேற்கு வங்காளத்தில் உத்தர்பாரா தொழிற்சாலையில் இந்த வண்டியைச் செய்வது 2014-ல் நின்றுவிட்டது. ஆகவே இன்று ஓடும் அம்பாசடர் எல்லாமே வயதான வண்டிகள். உள்ளே இருக்கும் ஒயருக்கும் அதே வயதுதான்.

இப்படிப்பட்ட பல பழைய வண்டிகளில் ஹெட்லைட்டுக்கான கரண்ட் நேராகப் பல்புக்குப் போவதில்லை. முன்னால் இருக்கும் பேட்டரியிலிருந்து கிளம்பி, டிரைவர் முன்னால் இருக்கும் லைட் சுவிட்சுக்கு வந்து, டிம்-பிரைட் மாற்றும் சுவிட்சுக்குள் போய், மறுபடியும் முன்பக்கம் போய்த்தான் பல்பைச் சேர்கிறது. வழியில் எத்தனையோ இணைப்புகள். ஒயரும் மெல்லியது. வருஷக் கணக்கில் துருவும் பாசியும் பிடித்திருக்கும்.

தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சுவதை நினைத்துப் பாருங்கள். தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தாலும், நீளமான, மெல்லிய, அங்கங்கே அடைத்துக்கொண்ட டியூபில் விட்டால் கடைசிச் செடிக்குச் சொட்டுச் சொட்டாகத்தான் போகும். கரண்டும் அப்படித்தான். பேட்டரியில் 13 வோல்ட்டுக்கு மேல் இருந்தாலும் பல்புக்குப் போய்ச் சேரும்போது 11, 12 என்று குறைந்துவிடும்.

ஒரு வோல்ட் குறைந்தால் என்ன பெரிய நஷ்டம் என்று தோன்றலாம். ஹெட்லைட் பல்பில் வோல்ட் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்துவிடுகிறது.

பெரிய பல்பு போடலாமா?

வேண்டாம். வழக்கமான பல்பு டிம்மில் 55 வாட், பிரைட்டில் 60 வாட். பிரைட் போட்டால் இரண்டு பல்புக்கும் சேர்த்து 120 வாட், அதாவது சுமார் 10 ஆம்பியர் கரண்ட் ஓடும். கடையில் 100 வாட் பல்பைக் கொடுப்பார்கள். இரண்டுக்கும் 200 வாட், சுமார் 17 ஆம்பியர். பழைய மெல்லிய ஒயரில் இவ்வளவு ஓடினால் ஒயரில் உண்டாகும் சூடு கிட்டத்தட்ட மூன்று மடங்காகிவிடும். சுவிட்ச் உருகும், ஒயர் தீப்பிடிக்கவும் கூடும். எதிரே வருகிறவர் கண்ணும் கூசும்.

இப்படியே, பழைய லைட்டுக்குள் விலை மலிவான எல்.இ.டி. பல்பைச் செருகுவதும் சரிப்படாது. உள்ளே இருக்கும் கண்ணாடிக் கிண்ணம் பழைய பல்புக்காகச் செய்தது. வெளிச்சம் ரோட்டில் விழாமல் நாலா பக்கமும் சிதறும்.

ரிலே என்றால் என்ன?

நம்ம பம்புசெட்டில் ஸ்டார்ட்டர் பெட்டி இருக்கிறதே, அதேதான் இதுவும். பச்சைப் பட்டனை விரலால் அழுத்துகிறோம். மோட்டாருக்கான பெரிய கரண்ட் அந்தப் பட்டன் வழியாகவா போகிறது? இல்லை. பட்டன் உள்ளே இருக்கும் காயிலுக்குத்தான் உத்தரவு கொடுக்கிறது. காயில் இழுத்துப் பிடித்ததும் பெரிய கரண்ட் கனமான ஒயர் வழியாக நேராக மோட்டாருக்குப் போகிறது.

ரிலே என்பது வண்டிக்கான குட்டி ஸ்டார்ட்டர். உள்ளங்கையில் அடங்கிவிடும். ரிலே வைத்த பிறகு பழைய சுவிட்ச் வழியாக ஒரு ஆம்பியரில் சிறு பங்குதான் ஓடும். பல்புக்கான 10 ஆம்பியரும் பேட்டரியிலிருந்து குறுக்கு வழியில், புது ஒயரில் போகும். சுவிட்சும் சூடாகாமல் பல வருஷம் உழைக்கும்.

முதலில் சோதனை

செலவு செய்வதற்கு முன்னால் இவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள்:

1. லைட் கண்ணாடி மங்கியிருக்கிறதா, உள்ளே வெள்ளிப் பூச்சு கறுத்துவிட்டதா? கறுத்திருந்தால் லைட்டையே மாற்ற வேண்டும். ஒயரிங் மாற்றினாலும் பலன் இருக்காது.
2. பேட்டரி முனைகளில் பூத்திருக்கிறதா? டைனமோ பெல்ட் தளர்ந்திருக்கிறதா?
3. இன்ஜின் ஓட, லைட் எரிய, மீட்டர் வைத்துப் பேட்டரியில் எத்தனை வோல்ட், பல்பு ஹோல்டரில் எத்தனை வோல்ட் என்று அளக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரு வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் குறை ஒயரிங்கில்தான்.

மீட்டரில் வரும் எண்களை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

வேலையில் கவனிக்க வேண்டியவை

இது ஆட்டோ எலக்ட்ரீஷியன் செய்யும் வேலை. பக்கத்தில் நின்று நாம் கவனிக்க வேண்டியவை இவை:

• வேலை தொடங்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்ற வேண்டும்.

• டிம்முக்கு ஒரு ரிலே, பிரைட்டுக்கு ஒரு ரிலே, ஆக இரண்டு வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனியாக 15 ஆம்பியர் பியூஸ். ஒன்று போனாலும் மற்றது எரியும். நடுரோட்டில் இருட்டில் நிற்க வேண்டாம்.

• பியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். தூரத்தில் வைத்தால் இடையில் ஒயர் உரசிப் பாடியில் பட்டாலும் பியூஸ் காப்பாற்றாது.

• புது ஒயர் 2.5 ஸ்கொயர் எம்.எம். செம்பு ஒயர், அதுவும் வண்டிக்கென்று விற்கும் ஒயராக இருக்கட்டும். வீட்டு ஒயர் இன்ஜின் சூட்டையும் ஆயிலையும் நாள்பட தாங்காது.

• ரிலேயில் 30, 85, 86, 87 என்று எண் போட்டிருக்கும். 30-ல் பேட்டரியிலிருந்து வரும் ஒயர், 87-ல் பல்புக்குப் போகும் ஒயர். 86-ல் முன்பு பல்புக்குப் போன பழைய ஒயர், 85-ல் எர்த். சில வண்டிகளில் சுவிட்ச் எர்த் பக்கம் இருக்கும். அவற்றுக்கு இணைப்பு மாறும். உங்கள் வண்டி எந்த வகை என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

• எர்த் ஒயரையும் புதிதாகப் போட வேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். போன கரண்ட் திரும்பி வரும் வழியும் நன்றாக இருந்தால்தான் வெளிச்சம் கூடும். பெயின்டைச் சுரண்டிச் சுத்தமான இரும்பில் முடுக்க வேண்டும்.

• ரிலேயைத் தண்ணீர் தெறிக்காத இடத்தில், பின்கள் கீழே பார்க்கும்படி மாட்ட வேண்டும். ஒயர்களை வெறுமனே முறுக்கி டேப் சுற்றி விடக் கூடாது.

வேலை முடிந்த பிறகு

மறுபடியும் மீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். வித்தியாசம் அரை வோல்ட்டுக்குள் வந்திருக்க வேண்டும். முதலில் குறித்த தாளோடு ஒத்துப் பாருங்கள். வேலை நடந்ததா இல்லையா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

பிறகு வண்டியைச் சுவருக்கு எதிரே நிறுத்தி, டிம் போட்டால் வெளிச்சம் தாழ விழுகிறதா என்று பாருங்கள். பின்னால் மூட்டை ஏற்றினால் வண்டியின் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும், லைட்டும் மேலே போகும். அதனால் வழக்கமாக ஏற்றும் சுமையோடு வைத்தே லைட்டைத் திருப்பி வைக்க வேண்டும். வெளிச்சம் கூடியபின் எதிரே வண்டி வந்தால் டிம் போடுவது இன்னும் அவசியம்.

குழுவாகச் செய்வோம்

ரிலே, ஹோல்டர், ஒயர், பியூஸ், கூலி என்று தனித்தனியாக இரண்டு கடைகளில் விலை எழுதி வாங்குங்கள். பில் கேளுங்கள். வண்டி குழுவின் பெயரில் இருந்தால் கூட்டத்தில் பேசித் தீர்மானப் புத்தகத்தில் எழுதிய பிறகு பணம் கொடுங்கள். ஒரே ஊரில் இரண்டு மூன்று பழைய வண்டிகள் இருந்தால் எல்லோரும் சேர்ந்து ஒரே எலக்ட்ரீஷியனிடம் பேசலாம், கூலி குறையும்.

அடுத்த கூட்டத்தில் படிக்கத் தெரிந்த ஒருவர் இதைச் சத்தமாகப் படித்துக் காட்டட்டும். வண்டி ஓட்டும் மகனையோ கணவரையோ கூட உட்கார வைத்துக் கேட்கச் சொல்லுங்கள். இன்று இரவே வண்டியை வாசலில் நிறுத்தி லைட்டைப் போட்டுப் பாருங்கள். மங்கலாக இருந்தால், அடுத்த சந்தை நாளுக்கு முன்னால் எலக்ட்ரீஷியனிடம் காட்டிவிடுங்கள்.