ஷிஃப்ட் முடிந்து குடிக்கும் தண்ணீர்

ஓசூர் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். குளுகுளு ஊர் என்று பழைய பெயர். உலை முன்னால் நிற்கும் ஃபவுண்டரித் தொழிலாளிக்கும் கிருஷ்ணகிரி கிரானைட் குவாரியில் வெயிலில் காய்பவருக்கும் அந்தக் குளிர்ச்சியால் பயனில்லை. வேர்த்துக் கொட்டும்போது உடம்பு தண்ணீரை விடாமல் பிடித்துவைக்கப் பார்க்கும். அந்த வேலை சிறுநீரகத்தின் தலையில் விழுகிறது.

சிறுநீரகத்தின் உட்பகுதி உப்பையும் யூரியாவையும் தேக்கிவைத்துத்தான் தண்ணீரை மீட்கிறது. ரத்தத்தின் அடர்த்தியைப் போல நான்கு மடங்குவரை அங்கே அடர்த்தி ஏறலாம். யூரியா செல்லுக்குள் நுழைந்து புரதங்களின் மடிப்பைக் குலைக்கும். ஆய்வகச் செல்கள்மீது திடீரென்று அதிக உப்பை ஊற்றினால் டி.என்.ஏ. இழையிலேயே அறுப்பு விழுகிறது.

இத்தனைக்கும் நடுவில் அந்தச் செல்கள் பிழைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. கிளிசரோபாஸ்போகோலின், பீட்டைன் போன்ற சேர்மங்களைச் சேமித்துப் புரதங்களை நிலைநிறுத்துகின்றன. உடலில் யூரியா நிறைந்த சுறாக்களும் இதே வகை உத்தியால்தான் வாழ்கின்றன. எச்.எஸ்.பி.70 என்ற காவல் புரதமும் பெருகுகிறது. அதைப் பெருக்கும் என்.எஃப்.ஏ.டி.5 என்ற மரபணுச் சாவியைத் திருப்புவது முக்கியமாக உப்பு. அதனால்தான் எலிச் செல்கள் உப்பும் யூரியாவும் சேர்ந்து வந்தால் தாங்குகின்றன, தனித்தனியாக வந்தால் தடுமாறுகின்றன!

ஆனால் இதே தற்காப்பு வேறிடத்தில் வினையாகிறது. உட்பகுதியில் செல்லைக் காக்கும் சார்பிட்டாலை உருவாக்கும் நொதி, நீர் வற்றும்போது சிறுநீரகத்தின் வெளிப்பகுதிக் குழாய்களிலும் முடுக்கிவிடப்படுகிறது. அங்கே சார்பிட்டால் ஃபிரக்டோஸாக மாறி, அது சிதையும்போது குழாய்ச் செல்கள் புண்படுகின்றன. 2014இல் வெளியான அமெரிக்க ஆய்வு இதை எலிகளில் காட்டியது. வெப்பத்தில் இருந்தபோதே தண்ணீர் கிடைத்த எலிகள் தப்பின. இரவில் மட்டும் குடித்தவற்றுக்குச் சிறுநீரகம் பழுதானது. மனிதருக்கும் அப்படியே பொருந்தும் என்று இதைவைத்து அடித்துச் சொல்ல முடியாதுதான். ஆனால் சாயங்காலம் சேர்த்துக் குடித்துக்கொள்ளலாம் என்ற கணக்கு இங்கே உதைக்கிறது.

தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களிடம் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவன ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வில் ஏறக்குறைய 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருந்தது. 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழக அரசு அறிவித்தது. சட்டப்படி ஆலைக்குள் குடிநீர் இருக்கிறது. அதைக் குடிக்க மெஷினை விட்டு நகர இடைவேளைதான் இல்லை. கழிப்பறை சரியில்லாத இடத்தில் பெண்கள் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். ஆலை நிர்வாகங்கள் ஷிஃப்டுக்கு நடுவே தண்ணீர் இடைவேளையும் சுத்தமான கழிப்பறையும் தரட்டும்.