குற்றாலச் சாரலும் தவறிப்போகும் அஸரும்

வைகாசி முடிவதற்குள்ளேயே தென்காசி, கடையநல்லூர் பக்கத்து வீடுகளில் பாயும் தலையணையும் மொட்டை மாடிக்கு வந்துவிடும். சாரல் பிடித்தால் பிறகு காயப்போட வெயில் கிடைக்காது. சென்னையிலிருந்து மச்சான் குடும்பம், மதுரையிலிருந்து மாமி வீட்டார், கல்ஃபிலிருந்து லீவில் வந்திருக்கும் சின்னத்தா என்று போன் வரத் தொடங்கும். ஸலாம் சொன்ன கையோடு கேட்கும் முதல் கேள்வி, "தண்ணி விழுதா?" என்பதுதான்.

இந்த மகிழ்ச்சியில் தவறு எதுவும் இல்லை. மழை பெய்தபோது நபி (ஸல்) அவர்கள் தம் ஆடையைச் சற்று விலக்கி, மழைத்துளி உடலில் படும்படி நின்றார்கள். ஏன் என்று கேட்கப்பட்டபோது, இது தன் இறைவனிடமிருந்து இப்போதுதான் வந்தது என்று காரணம் சொன்னார்கள். அனஸ் (ரலி) அறிவிக்கும் இந்தச் செய்தி முஸ்லிமில் இருக்கிறது. வானத்திலிருந்து அளவோடு நீரை இறக்கிப் பூமியில் தங்க வைத்ததாக அல்லாஹ் 23:18-ல் சொல்கிறான். மேற்குத் தொடர்ச்சி மலையில் தங்கிய அந்த நீர்தான் பேரருவியாகவும் ஐந்தருவியாகவும் பழைய குற்றாலமாகவும் நம் தலைமேல் விழுகிறது. குடும்பத்தோடு போய் நனைந்து வருவது ஹலாலான சந்தோஷம்.

நம் கவலை வேறு. ஒவ்வொரு சீசனிலும் நாம் பார்ப்பது இதுதான். காலையில் சுப்ஹு தொழுதுவிட்டு உற்சாகமாகக் கிளம்பிய குடும்பம், இரவு இஷாவுக்கு வீடு திரும்புகிறது. நடுவில் மூன்று தொழுகைகள் என்னவாயின என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. லுஹர் எப்படியோ நடந்திருக்கும். மஃக்ரிபைப் பார்டர் பரோட்டாக் கடைக்குப் போகும் வழியில் சிலர் தொழுதிருப்பார்கள். தொலைவது பெரும்பாலும் அஸர்.

அது ஏன் என்று கடிகாரத்தைப் பார்த்தாலே புரியும். ஜூன், ஜூலை மாதங்களில் தென்காசியில் லுஹர் நேரம் 12:30 மணியை ஒட்டித் தொடங்குகிறது. அஸர் ஷாஃபிஈ கணக்குப்படி 4 மணிக்குச் சற்று முன்பும், ஹனஃபி கணக்குப்படி 5 மணியை ஒட்டியும் வருகிறது. சூரியன் மறைய ஏறக்குறைய 6:45 ஆகிவிடும். மாலை 4 முதல் 6:30 வரைதான் அருவியில் கூட்டம் நெரிகிற நேரம். ஐந்தருவிச் சாலையில் வண்டி நகராத நேரமும் அதுவே. அந்த நேரத்தில் ஒருவர் வரிசையில் நிற்பார், ஒருவர் குழந்தைக்கு உடை மாற்றுவார், ஒருவர் மங்குஸ்தான் விலை பேசிக்கொண்டிருப்பார். சாரல் மூட்டத்தில் வெளிச்சம் குறைவதும் தெரியாது. பாங்கு கேட்கும்போதுதான் அது மஃக்ரிப் என்று உறைக்கும்.

அஸர் தொழுகையைத் தவறவிட்டவர், தன் குடும்பத்தையும் பொருளையும் பறிகொடுத்தவரைப் போன்றவர் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை இப்னு உமர் (ரலி) அறிவிக்கிறார்கள் (புகாரி, முஸ்லிம்). மொத்தக் குடும்பமும் ஒரே வேனில் சிரித்துப் பேசித் திரும்பும்போது இந்த உவமையை நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

யார் பயணி, யார் உள்ளூர்?

"பயணத்தில்தானே இருக்கிறோம், சேர்த்துத் தொழுதுகொள்ளலாம்" என்று பலர் சொல்வார்கள். எல்லோருக்கும் இது பொருந்தாது. தென்காசி நகரிலிருந்து குற்றாலம் ஆறு கிலோமீட்டர்கூட வராது. கடையநல்லூர், வடகரை, செங்கோட்டை, பொட்டல்புதூர்க்காரர்கள் யாரும் குற்றாலம் போவதால் பயணி ஆகிவிட மாட்டார்கள். மேலப்பாளையத்திலிருந்து வருகிறவர்களுக்கும் தூரம் சுமார் 60 கிலோமீட்டர்தான். ஹனஃபி மத்ஹபில் கஸ்ருக்கான தூரத்தை 48 மைல், அதாவது சுமார் 77 கிலோமீட்டர் என்று நம் ஆலிம்கள் கணக்கிடுகிறார்கள். ஷாஃபிஈ கணக்கு 80 கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும். ஆகவே இவர்கள் எல்லாரும் நான்கு ரக்அத்தை நான்காக, அதனதன் நேரத்தில் தொழ வேண்டியவர்கள்.

சென்னை, மதுரை, காயல்பட்டினம் போன்ற ஊர்களிலிருந்து வருகிறவர்கள் பயணிகள். 4:101-ல் அல்லாஹ் தந்த சலுகைப்படி லுஹர், அஸர், இஷாவை இரண்டிரண்டாகச் சுருக்கிக்கொள்ளலாம். சுப்ஹும் மஃக்ரிபும் சுருங்காது. உள்ளூர் இமாமின் பின்னால் நின்றால் முழுமையாகவே தொழ வேண்டும். எத்தனை நாள் தங்குவதாக எண்ணம் என்பதும் முக்கியம். ஹனஃபியில் 15 நாள் தங்க நிய்யத் வைத்துவிட்டால் சலுகை முடிந்தது. ஷாஃபிஈயில் வந்த நாளும் போகும் நாளும் போக நான்கு நாள் தங்க எண்ணினாலே முடிந்துவிடும்.

இங்கே ஒரு சுவையான கேள்வி வரும். தென்காசியில் பிறந்து சென்னையில் வாழ்க்கைப்பட்டு, அங்கேயே நிலையாகக் குடியிருக்கும் பெண், ஒரு வாரம் தாய்வீட்டுக்கு வந்தால் கஸ்ர் செய்வாரா? பிறந்த வீடுதானே, எப்படிப் பயணி ஆவார் என்று உம்மாவுக்குக் கோபம்கூட வரலாம். ஆனால் அவருடைய சொந்த ஊர் இப்போது கணவரின் ஊர்தான் என்றே ஹனஃபி ஃபத்வாக்கள் பொதுவாகச் சொல்கின்றன. வீட்டுக்கு வீடு நிலைமை மாறும் என்பதால், தங்கள் பள்ளிவாசல் ஹஸ்ரத்திடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

சேர்த்துத் தொழும் ஜம்உ விஷயத்தில் கருத்து வேறுபாடு உண்டு. தபூக் பயணத்தில் நபி (ஸல்) அவர்கள் லுஹரையும் அஸரையும், மஃக்ரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழுததை முஆத் (ரலி) அறிவிக்கிறார்கள் (முஸ்லிம்). அதன்படி ஷாஃபிஈ மத்ஹபினரும், ஹதீஸை நேரடியாக வைத்து அமல் செய்வோரும் பயணத்தில் சேர்த்துத் தொழுகிறார்கள். ஹனஃபி மத்ஹபில் ஹஜ்ஜின்போது அரஃபாவிலும் முஸ்தலிஃபாவிலும் தவிர ஜம்உ இல்லை. ஆனால் அவர்களுக்கும் ஓர் எளிய வழி இருக்கிறது. லுஹரை அதன் கடைசி நேரத்தில், அதாவது 4:30 மணிவாக்கில் தொழுதுவிட்டுக் கொஞ்சம் உட்கார்ந்திருந்து, 5 மணியளவில் நேரம் நுழைந்ததும் அஸரைத் தொழுதுவிடலாம். ஒரே ஒளு, ஒரே இடம், இரண்டும் தத்தம் நேரத்திலேயே முடிந்துவிடும். அந்த அரை மணி நேரம் பிள்ளைகளுக்குத் தின்பண்டம் கொடுக்கவும், உம்மாவின் கால்வலிக்கு ஓய்வு கொடுக்கவும் சரியாக இருக்கும். அதற்குப் பிறகு இருட்டும்வரை தாராளமாகக் குளிக்கலாம்.

எங்கே தொழுவது என்பது பெண்களுக்குத்தான் உண்மையான சிரமம். ஆண்கள் தென்காசியிலோ செங்கோட்டையிலோ ஒரு பள்ளிவாசலுக்குள் நுழைந்துவிடுவார்கள். பெண்கள் வேனிலேயே உட்கார்ந்திருப்பார்கள். பூமி முழுவதும் தமக்குத் தொழுமிடமாகவும் தூய்மை தருவதாகவும் ஆக்கப்பட்டுள்ளது என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதை ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள் (புகாரி, முஸ்லிம்). வண்டியில் இரண்டு முஸல்லாவும், மறைப்புக்கு ஒரு பழைய போர்வையும், உலர்ந்த தொழுகை உடையும் இருந்தால் போதும். வாடகைக்கு அறை எடுக்கிறவர்கள் கிப்லா எந்தப் பக்கம் என்று போனதும் பார்த்துக்கொண்டால் கடைசி நேரக் குழப்பம் வராது. மனைவி தொழுதாளா என்று பார்த்துவிட்டு வண்டியை எடுக்கச் சொல்வது கணவரின் பொறுப்பு.

வெள்ளிக்கிழமைக்கும் ஒரு வார்த்தை. பயணிக்கு ஜும்ஆ கடமையில்லை. ஆனால் கடையநல்லூரிலிருந்து குளிக்கப் போன வாலிபருக்கு அந்தச் சலுகை இல்லை. 12 மணிக்கே அருவியை விட்டு இறங்கிவிட வேண்டும்.

அருவியில் குளித்தால் ஒளு கூடுமா?

அடிக்கடி கேட்கப்படும் கேள்வி. ஹனஃபி மத்ஹபில் ஒளுவுக்கு நிய்யத் சுன்னத்துதான். முகம், கைகள், தலை, கால்கள் எல்லாம் அருவியில் முழுமையாக நனைந்துவிட்டால் ஒளு கூடிவிடும். ஷாஃபிஈயில் நிய்யத்தும் வரிசை முறையும் ஃபர்ளு. அதோடு நெரிசலில் அந்நியப் பெண்ணின் மேனி மேனியில் பட்டாலே ஒளு முறிந்துவிடும். எனவே அவர்கள் குளித்து முடித்துத் தனியாக ஒளு செய்துகொள்வதே சரி. கடமையான குளிப்பு யாருக்காவது இருந்தால், ஷாஃபிஈகள் நிய்யத்தையும், ஹனஃபிகள் வாய் கொப்பளித்து மூக்குக்குத் தண்ணீர் செலுத்துவதையும் மறக்கக் கூடாது. நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து நீரில் ஒளுவும், ஒரு ஸாவு முதல் ஐந்து முத்து வரையான நீரில் குளிப்பும் முடித்தார்கள் என்று அனஸ் (ரலி) சொல்கிறார்கள் (புகாரி, முஸ்லிம்). ஒரு ஸாவு என்பது சுமார் மூன்று லிட்டர். பேரருவியின் கீழே நின்றுகொண்டு இதை நினைத்தால் சற்று வெட்கமாகத்தான் இருக்கிறது!

வெட்கம் என்றதும் உடை நினைவுக்கு வருகிறது. பெண்களின் உடையைப் பற்றி மட்டும் பேசியே நமக்குப் பழகிவிட்டது. ஆண்களின் அவ்ரத் தொப்புளிலிருந்து முழங்கால் வரை. அருவிக்கரையில் நம் வாலிபர்கள் ஜட்டியோடும், உடலோடு ஒட்டிய மெல்லிய துண்டோடும் நிற்பதை எந்த மாமாவும் கண்டிப்பதில்லை. திறந்த வெளியில் கீழாடையின்றிக் குளித்த ஒருவரைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், மிம்பரில் ஏறி, அல்லாஹ் வெட்கத்தையும் மறைப்பையும் விரும்புகிறவன் என்றும், குளிப்பவர் தம்மை மறைத்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார்கள் (அபூதாவூத், நஸாயீ). முழங்காலுக்குக் கீழே இறங்கும் கெட்டித் துணிக் கால்சட்டை ஒன்று போதும். பெண்களுக்குத் தனிப்பகுதி இருக்கிறது. ஆனாலும் செல்போன்கள் எல்லாப் பக்கமும் இருக்கின்றன. நம் பிள்ளை எடுக்கும் ரீல்ஸில் பின்னால் நனைந்து நிற்பது யாரோ ஒருவரின் உம்மா, யாரோ ஒருவரின் தங்கச்சி. அவர் முஸ்லிமாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தப் படம் ஹராம்தான்.

பேரருவியை ஒட்டியே குற்றாலநாதர் கோயில் இருக்கிறது. கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்களும் திரளாக நீராட வருவார்கள். அவர்கள் குளிப்பதை வணக்கமாகக் கருதி வருகிறவர்கள். முண்டியடிக்காமல் வழிவிட்டு நிற்பதில் நமக்கு எதுவும் குறைந்துவிடாது. தொழ விரிப்பு விரிக்கும்போதும் நடைபாதையை அடைத்துவிடக் கூடாது.

மக்கள் நடக்கும் வழியிலும் நிழல் தேடும் இடத்திலும் மலஜலம் கழிப்பது சாபத்தைத் தேடித் தரும் என்பது முஸ்லிமில் வரும் ஹதீஸ். அபூதாவூதின் அறிவிப்பு நீர்த்துறையையும் சேர்த்துச் சொல்கிறது. பிள்ளையின் டயப்பரைப் பாறை இடுக்கில் செருகிவிட்டு வருவதும் இந்தக் கணக்கில்தான் வரும். குற்றாலத்திலிருந்து இறங்கும் சிற்றாறு தென்காசி வழியாக ஓடி, சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது. அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு பயன்படுத்தக் கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை விதித்தும், பையில் சாஷே பாக்கெட்டோடு வருகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

தடை செய்தால் திரும்பிவிடுவோம்

2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று காட்டாற்று வெள்ளம் பாய்ந்தது. நெல்லையைச் சேர்ந்த 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு இறந்துபோனார். மலைக்கு மேலே பெய்யும் மழை கீழே குளிப்பவருக்குத் தெரியாது. தண்ணீரின் நிறம் மாறிய சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடக்கூடும். ஆகவே காவலர்கள் விசில் ஊதினால் உடனே வெளியேற வேண்டும். குளிக்கத் தடை என்றால் எவ்வளவு தூரத்திலிருந்து வந்திருந்தாலும் திரும்பிவிட வேண்டும். தடுப்பைத் தாண்டி வேறு வழியாகப் போவதில் வீரம் எதுவும் இல்லை. உங்களை நீங்களே அழிவில் தள்ளிக்கொள்ள வேண்டாம் என்கிறது 2:195. நீரில் மூழ்கி இறப்பவர் ஷஹீத் என்று ஹதீஸில் வருவதைச் சிலர் நினைவூட்டுவார்கள். அது இழந்த குடும்பத்துக்கு ஆறுதல். எச்சரிக்கையை மீறப் போகிறவருக்குத் தரப்பட்ட உத்தரவாதம் அல்ல.

கடைசியாக, விருந்தாளிகள். சீசனில் தென்காசியில் வீடு வைத்திருப்பவர்களின் நிலை அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். ஒரு குடும்பம் கிளம்பினால் அடுத்தது வந்து இறங்கும். விருந்தாளியைக் கண்ணியப்படுத்துவது ஈமானின் அடையாளம். அதே ஹதீஸில், விருந்து மூன்று நாள், அதற்கு மேல் தர்மம், வீட்டாரைச் சிரமப்படுத்தும் அளவுக்குத் தங்குவது ஆகுமானதல்ல என்றும் நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள் (அறிவிப்பவர்: அபூஷுரைஹ் ரலி, நூல்: புகாரி). முதல் பாதியை உபசரிப்பவரும், இரண்டாம் பாதியை வருகிறவரும் மனதில் வைக்க வேண்டும். நடப்பில் பலரும் மாற்றித்தான் வைத்திருக்கிறோம்.

எல்லோரும் குளித்துவிட்டு வந்து பசியோடு உட்காரும்போது, அடுப்படியில் நிற்கும் அந்த வீட்டுப் பெண்கள் சீசன் முழுவதும் ஒருமுறைகூட அருவிக்குப் போயிருக்க மாட்டார்கள். ஆறு கிலோமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது வீட்டாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்படுவார்கள் என்று ஆயிஷா (ரலி) சொன்னது புகாரியில் உள்ளது. வந்த மருமகன்களும் மச்சான்மாரும் ஒரு நாள் காலை தேநீரையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ளட்டும். சுப்ஹு முடிந்ததும் வீட்டுப் பெண்களை வண்டியில் ஏற்றிப் பேரருவிக்கு அனுப்புங்கள். கூட்டம் சேருவதற்குள் அவர்கள் நிம்மதியாகக் குளித்துவிட்டு வந்துவிடுவார்கள்.