ஒரே ஓட்டில் வந்த ஆட்டம்

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் இருக்கும் எல்மோர் சிட்டி, பெயரில் மட்டும்தான் சிட்டி. மக்கள்தொகை ஆயிரத்தைக்கூடத் தொடாது. பொது இடத்தில் யாரும் நடனமாடக் கூடாது என்று ஊர் உருவான காலம் தொட்டே அங்கே சட்டம் இருந்தது. ஆட்டம் வந்தால் கூடவே குடியும் வரும் என்பது அந்தக் காலத்துப் பெரியவர்களின் கணக்கு.

1980-இல் அங்குள்ள உயர்நிலைப் பள்ளி மாணவர்கள், மற்ற ஊர்களைப் போல் தங்களுக்கும் 'ப்ராம்' எனப்படும் நடன விருந்து வேண்டும் என்று கேட்டார்கள். பக்கத்து ஹென்னபின் ஊரின் பெந்தெகொஸ்தே போதகர் எஃப்.ஆர். ஜான்சன் கொதித்துப்போனார். ஆட்டத்தால் யாருக்கும் நன்மை விளைந்ததில்லை, பெண்ணையும் மதுவையும் தேடி வெளியாட்கள் நுழைவார்கள், ஆணும் பெண்ணும் அணைத்துக்கொண்டால் அது எங்கெங்கோ போய் முடியும் என்றார். பள்ளி நிர்வாகக் குழுவில் ஓட்டு இரண்டுக்கு இரண்டு. தலைவர் ரேமண்ட் லீ நீட்டி முழக்கவில்லை. 'ஆடட்டும், விடுங்கள்' என்றார். முடிந்தது.

செய்தியைப் படித்த பாடலாசிரியர் டீன் பிட்ச்ஃபோர்ட் அந்த ஊருக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதிய திரைக்கதைதான் 1984-இல் வெளியான 'ஃபுட்லூஸ்'. படத்தில் ஊர் பேர் போமான்ட். சிகாகோவிலிருந்து வந்திறங்கும் ரென் என்ற பையன் (கெவின் பேக்கன்) தடையை எதிர்க்கிறான். நகர மன்றக் கூட்டத்தில் பைபிளைப் பிரித்து, தாவீது ராஜாவே கர்த்தருக்கு முன் ஆடினாரே என்று தடைக்குப் பின்னால் நிற்கும் ஊர்ப் போதகரை அவர் ஆயுதத்தாலேயே மடக்குகிறான். அப்படியும் மன்றம் மசியவில்லை. ஊர் எல்லைக்கு வெளியே உள்ள மாவு மில்லில்தான் ஆட்டம் நடக்கிறது.

சினிமாவுக்கு வெளியூர்க்காரன் தேவைப்பட்டான். நிஜத்தில் கேட்டவர்கள் அந்த ஊர்ப் பிள்ளைகளே. வந்தவன் கேட்டால் திமிர் என்று ஒதுக்கிவிடலாம். பெற்ற பிள்ளை கேட்டால் வீட்டுக்கு வீடு பதில் சொல்லியாக வேண்டும். திரைக்கதையைவிட இதுதான் சுவாரசியமான சண்டை!

எல்லா ஊரிலும் இப்படி முடியவில்லை. மிசௌரியின் பர்டி ஊரில் பள்ளி நடனத்துக்கு இருந்த தடையை எதிர்த்து மாணவர்களும் பெற்றோரும் வழக்குப் போட்டார்கள். கீழ் நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள். 1989-இல் மேல்முறையீட்டில் தோற்றார்கள். உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ளவே இல்லை.

எல்மோர் சிட்டியின் அதே ஓக்லஹோமாவில், ஹென்ரியெட்டா என்ற ஊரில், தேவாலயத்திலிருந்து 500 அடிக்குள் பொது நடனம் கூடாது என்ற விதி 2017 வரை ஏட்டில் கிடந்தது. காதலர் தின நடனம் ஒன்று அதனால் நின்றுபோய், செய்தி நாடு முழுக்கப் பரவிய பிறகுதான் நகர மன்றம் அதை நீக்கியது.