உலக கிராஸ் கன்ட்ரி ஓட்டமும் நம் வேப்பமரத் திருப்பமும்

சென்ற பொங்கல் விளையாட்டு விழாவுக்கு வந்திருந்தவர்களுக்கு இந்தக் கதை தெரியும். டேக்டி அடிவாரத்தில் பிள்ளைகளுக்கு வைத்த 3 கிலோமீட்டர் ஓட்டத்தில், முன்னால் ஓடிய நான்கு பேர் வேப்பமரத்தடியில் இடப்பக்கம் திரும்பாமல் நேராகப் போய்விட்டார்கள். ஐந்தாவதாக வந்த பையன் சரியாகத் திரும்பினான். கோப்பை அவனுக்குப் போயிற்று. அவன் மீது ஒரு தவறும் இல்லை. அந்தத் திருப்பத்தில் நிற்க வேண்டியவன் நான். மைக் செட் கரகரக்கிறது என்று மேடையிலிருந்து கூப்பிட்டார்கள். இரண்டு நிமிடம்தானே என்று போனேன். எல்லாம் முடிந்த பிறகு, முதலில் ஓடிக்கொண்டிருந்த ஒன்பதாம் வகுப்புப் பெண் என்னிடம் வந்து, "மாமா, அங்கே யாருமே இல்லையே" என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

இந்த ஆண்டு அந்த ஓட்டமே வேண்டாம், லெமன் ஸ்பூனும் மியூசிக்கல் சேரும் போதும் என்று செயற்குழுவில் பேச்சு வந்தது. எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒரு மாத அவகாசம் கேட்டேன். ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்ற என் மராத்தி நண்பர் ஒருவர் பல ஆண்டுகள் இத்தகைய ஓட்டங்களுக்கு நடுவராக இருந்தவர். அவரிடம் போய் உட்கார்ந்தேன். உலக அளவில் இதை எப்படி நடத்துகிறார்கள் என்று தேடிப் படித்தேன். தெரிந்துகொண்டதை இங்கே தருகிறேன்.

முதலில் பெயர். கிராஸ் கன்ட்ரியை 'நாட்டுக்குக் குறுக்கே ஓட்டம்' என்று மொழிபெயர்த்தால், கன்னியாகுமரியில் கிளம்பிக் காஷ்மீரில் முடிப்பது போலாகிவிடும். ஆகவே கிராஸ் கன்ட்ரி என்றே எழுதுகிறேன். தார் சாலையும் இல்லாமல் ஸ்டேடியமும் இல்லாமல் புல், மண், சேறு, மேடு, பள்ளம் இவற்றின் மேல் ஓடுவது. நாடுகளுக்கிடையே இது முதன்முதலாக 1903ல் ஸ்காட்லாந்தின் ஹாமில்டன் பார்க் குதிரைப் பந்தய மைதானத்தில் நடந்தது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் என்று நான்கே அணிகள். 1973ல் சர்வதேசத் தடகள அமைப்பு இதைத் தன் பொறுப்பில் எடுத்து, பெல்ஜியத்தின் வாரெகெம் ஊரில் முதல் உலகப் போட்டியை நடத்தியது. அதுவும் குதிரைப் பந்தய மைதானம்தான். ஆண்டுதோறும் நடந்து வந்ததை 2011க்குப் பிறகு இரண்டாண்டுக்கு ஒரு முறை என்று மாற்றினார்கள்.

இந்த ஓட்டத்துக்கு உலக சாதனை என்ற ஒன்று கிடையாது. ஒவ்வோர் ஊரின் மண்ணும் வேறு, மேடும் வேறு. ஆகவே இத்தனை நிமிடத்தில் ஓடினார் என்பதற்கு அடுத்த ஊரில் மதிப்பில்லை. யாருக்கு முன்னால் யார் வந்தார் என்பது ஒன்றுதான் கணக்கு. போட்டி நடத்துகிறவர்களின் வேலை முழுவதும் அந்த வரிசையைக் காப்பாற்றுவதற்காகத்தான் என்று நான் புரிந்துகொண்டேன். நான் கோட்டை விட்டதும் அதைத்தான்.

நடத்தும் உரிமையைப் பல மாதங்கள், சில சமயம் ஆண்டுகள் முன்பே ஒரு நாட்டுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அந்த நாட்டுத் தடகளச் சங்கம், ஊராட்சி, உள்ளூர் அமைப்புக் குழு மூன்றும் சேர்ந்து ஏற்பாடு செய்ய, உலக அமைப்பு நியமிக்கும் தொழில்நுட்பப் பிரதிநிதிகள் வந்து பாதையைப் பார்த்து ஒப்புதல் தரவேண்டும். உரிமை வாங்கியவர்களுக்கெல்லாம் போட்டி கிடைத்துவிடுவதில்லை. 2001ல் டப்ளினில் நடக்க வேண்டியிருந்தது. கால்நடைகளுக்குக் கோமாரி நோய் பரவிய காரணத்தால் பெல்ஜியத்தின் ஓஸ்டெண்ட் நகருக்குப் போயிற்று. ஓட்டப் பந்தயத்துக்கும் மாட்டு நோய்க்கும் என்ன சம்பந்தம் என்று நானும் கேட்டேன். காலணியில் ஒட்டும் மண்ணோடு கிருமியும் பயணம் போகும் என்று சுபேதார் விளக்கினார். ஓஸ்டெண்டிலோ ஒரே சேறு. டப்ளினுக்கு மறு ஆண்டு வாய்ப்பு கிடைத்தது. ஆஸ்திரேலியாவின் பாத்தர்ஸ்ட் 2021ல் நடத்த வேண்டியதைக் கொரோனாவால் தள்ளித் தள்ளி 2023 பிப்ரவரியில் நடத்தியது. 2024 போட்டி குரோஷியாவுக்கு உரியது. ஏற்பாடுகள் போதாது என்று உலக அமைப்பே அதைத் திரும்ப எடுத்து, செர்பியாவின் பெல்கிரேடுக்குக் கொடுத்துவிட்டது.

இனி பாதை. ஒரு சுற்று 1500 முதல் 2000 மீட்டர் இருக்க வேண்டும். அதையே பல முறை சுற்றி வருகிறார்கள். 10 கிலோமீட்டரை ஒரே நீளமாகப் போட்டால் பார்ப்பவர்களுக்கும் ஒன்றும் தெரியாது, காவலுக்கும் ஆள் போதாது. சுற்றாக இருந்தால் ஒரு திருப்பத்துக்கு ஒரு ஆள் போதும், ஓடுகிறவர்கள் அவரை ஐந்து முறை பார்ப்பார்கள். ஒரு சுற்றில் மொத்தம் 10 மீட்டராவது மேடேறுவது நல்லது என்கிறது விதி. இயற்கையாக உள்ள தடைகளைப் பயன்படுத்தலாம். ஆழமான பள்ளம், ஆபத்தான இறக்கம், அடர்ந்த புதர் கூடாது. தார் சாலையைக் கூடிய மட்டும் தவிர்க்க வேண்டும். கிளம்பும் இடத்திலிருந்து முதல் 300 மீட்டருக்குப் பாதை எங்கும் குறுகக் கூடாது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் ஒரே நேரத்தில் பாய்வதை நினைத்துப் பாருங்கள். நாம் கோயில் வாசல் அளவு கேட் வழியாக அறுபது பிள்ளைகளை அனுப்பினோமே, அந்தத் தவறு அங்கே நடக்காது.

பாதையின் இரு பக்கமும் நெடுக நாடா கட்டுகிறார்கள். நெடுக என்பதைக் கவனிக்க வேண்டும். நாம் மரத்துக்கு மரம் ஒரு துண்டு ரிப்பன் முடிந்துவிட்டுப் போனோம். அங்கே விடுபட்ட இடமே கிடையாது. போதாததற்கு ஒரு பக்கத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு வேலியிட்ட தனி வழி. அதில் ஊழியர்களும் பத்திரிகைக்காரர்களும் மட்டும் நடமாடலாம்.

இந்த விதிகளுக்குள்ளேயே எத்தனை கற்பனை செய்யலாம் என்பதற்கு 2019ல் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் நடந்தது ஓர் உதாரணம். அங்கே மோஸ்கார்ட் அருங்காட்சியகத்தின் கூரை, தரையிலிருந்து சரிந்து எழும் புல்வெளியாகவே கட்டப்பட்டிருக்கிறது. ஓட்டக்காரர்களை ஒவ்வொரு சுற்றிலும் அந்தக் கூரை மேல் ஏறி இறங்க வைத்தார்கள். கீழே சேற்றுக் குழி, மணல் எல்லாம் உண்டு. பாத்தர்ஸ்டில் கார் பந்தயத்துக்குப் பெயர்போன மலையடிவாரத்தில், திராட்சைத் தோட்டத்தின் நடுவே ஓடவிட்டார்கள்.

ஒரே நாளில் ஐந்து போட்டிகள். 20 வயதுக்குட்பட்ட பெண்களுக்கு 6 கிலோமீட்டர், அதே வயது ஆண்களுக்கு 8. பெரியவர்களில் ஆண்கள் பெண்கள் இருவருக்கும் 10. முன்பு பெரியவர் ஓட்டம் ஆண்களுக்கு 12, பெண்களுக்கு 8 என்று இருந்தது. 2017ல் உகாண்டாவின் கம்பாலாவில் சமமாக்கினார்கள். இரண்டு ஆண்கள், இரண்டு பெண்கள் சேர்ந்து ஆளுக்கு 2 கிலோமீட்டர் ஓடும் கலப்பு ரிலேவும் அந்த ஆண்டு வந்ததுதான்.

கிளம்பும் கோட்டில் நாட்டுக்கு ஒரு கட்டம். ஒவ்வோர் அணியும் தன் கட்டத்துக்குள் ஒருவர் பின் ஒருவராக நிற்கிறது. ஐந்து நிமிடம், மூன்று நிமிடம், ஒரு நிமிடம் என்று மூன்று முன்னறிவிப்பு. பிறகு துப்பாக்கிச் சத்தம். ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தேன் என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது.

அணிக் கணக்குதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு நாட்டுக்கு ஆறு பேர் ஓடலாம். அவர்களில் முதலில் வரும் நான்கு பேரின் இடங்களைக் கூட்டுகிறார்கள். குறைந்த எண்ணிக்கை பெற்ற அணிக்கு வெற்றி. ஓர் அணி 1, 2, 3, 40 என்று வந்தால் மொத்தம் 46. இன்னோர் அணி 9, 10, 12, 14 என்று வந்தால் 45. மூன்று பதக்கமும் முதல் அணிக்கு, அணிக் கோப்பை இரண்டாவது அணிக்கு! சமமாக வந்தால், நான்காவது ஆள் யாருக்கு முன்னால் வந்தாரோ அந்த அணிக்கு. ஆகவே நாற்பதாவது இடத்துக்கும் நாற்பத்தொன்றாவது இடத்துக்கும் இருவர் முட்டி மோதிக்கொண்டு ஓடுவதை இந்தப் போட்டியில் பார்க்கலாம். மிகக் குறைந்த எண்ணிக்கை 10. கம்பாலாவில் கென்யப் பெண்கள் முதல் ஆறு இடங்களையும் தாங்களே எடுத்துக்கொண்டு அந்தப் பத்தை எட்டினார்கள்.

நாற்பதாவது ஆளையும் சரியாக எண்ண வேண்டும் என்பதால் முடிவுக் கோடு சாதாரண விஷயமல்ல. இப்போது உடலில் அணியும் மின்னணுச் சில்லும் வீடியோ காமிராவும் உண்டு. அவை இல்லாத காலத்தில், கோட்டைத் தாண்டியதும் கயிறு கட்டிய குறுகலான சந்துக்குள் ஓட்டக்காரர்களை அனுப்பி, வந்த வரிசை கலையாமல் நடக்கவைத்து, கடைசியில் ஒவ்வொருவர் கையிலும் ஓர் எண் அட்டை கொடுப்பார்கள். சுபேதார் இப்படித்தான் பல ஆண்டுகள் செய்திருக்கிறார். நமக்கு இது போதும். செலவு இருபது மூங்கில் குச்சியும் ஒரு கட்டு நைலான் கயிறும்.

வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கிராஸ் கன்ட்ரி முன்பு ஒலிம்பிக்கிலும் இருந்தது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் கடும் வெயிலில் ஓடவிட்டார்கள். கிளம்பியவர்கள் 38 பேர். முடித்தவர்கள் 15 பேர். பலர் வழியில் சுருண்டு விழுந்தார்கள். பின்லாந்தின் பாவோ நுர்மி மட்டும் ஒன்றும் நடவாதது போல் வந்து ஜெயித்தார். அதோடு ஒலிம்பிக்கிலிருந்தே இந்த ஓட்டத்தை எடுத்துவிட்டார்கள். இன்றுவரை அது திரும்பவில்லை. 2007ல் கென்யாவின் மொம்பாசாவில் கடலோரப் புழுக்கம். 2002 முதல் 2006 வரை ஆண்டுதோறும் குறும்போட்டி, நெடும்போட்டி இரண்டையும் வென்று வந்த எத்தியோப்பியாவின் கெனெனிசா பெக்கெலே அன்று கடைசிச் சுற்றில் ஓட முடியாமல் நின்றுவிட்டார். எரித்ரியாவின் செர்செனாய் தடெசே வென்றார். கம்பாலாவில் உள்ளூர்க்காரரான ஜோஷுவா செப்டெகெய், தன் ஊர் ஜனம் ஆர்ப்பரிக்க வெகு தூரம் முன்னே ஓடினார். கடைசிச் சுற்றில் கால் தள்ளாடி, ஒவ்வொருவராக அவரைத் தாண்டிப் போக, முப்பதாவதாக வந்து சேர்ந்தார். இரண்டு ஆண்டு கழித்து ஆர்ஹூஸில் அவரே முதலில் வந்தார்; உகாண்டாவுக்கு அணித் தங்கமும் கிடைத்தது.

இன்னொரு நிகழ்ச்சி என்னைத் தூங்கவிடவில்லை. பாத்தர்ஸ்டில் பெண்கள் ஓட்டம். எத்தியோப்பியாவின் லெட்டெசென்பெட் கிடே முதலில் வந்துகொண்டிருக்கிறார். முடிவுக் கோடு மிக அருகில். சுருண்டு விழுந்துவிட்டார். கென்யாவின் பியாட்ரிஸ் செபெட் தாண்டிப் போய் ஜெயித்தார். தடுப்புக்கு வெளியே இருந்த ஒருவர் மனம் பொறுக்காமல் உள்ளே வந்து கிடேயைத் தூக்கி நிறுத்தினார். வெளியாள் உதவி பெறக் கூடாது என்பது விதி. கிடே தகுதி நீக்கம் செய்யப்பட்டார். எழுந்து தானே தவழ்ந்து வந்திருந்தாலும் ஓர் இடம் கிடைத்திருக்கும். உதவியவரின் அன்பில் குறை சொல்ல என்னால் முடியவில்லை. விதியைக் குறை சொல்லவும் முடியவில்லை. நம் விழாவில் அம்மாக்கள் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடிவருவதை இனி எப்படித் தடுப்பது என்று மட்டும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

செயற்குழு கடைசியில் ஓட்டத்துக்குச் சம்மதித்துவிட்டது. இம்முறை 1500 மீட்டர் சுற்று, இரண்டு முறை. காலை 7 மணிக்கே கிளம்பிவிடுவோம். கேட்டுக்கு வெளியே அகலமான மைதானத்தில் தொடக்கம். நாடா ரோல் நாற்பது சொல்லியிருக்கிறேன். சுபேதார் முடிவுக் கோட்டைப் பார்த்துக்கொள்கிறார். போன வருஷத்து நான்கு பிள்ளைகளின் வீட்டுக்கும் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். மூன்று பேர் ஓடுவதாகச் சொன்னார்கள். அந்தப் பெண், "யோசித்துச் சொல்கிறேன் மாமா" என்றிருக்கிறாள்.

பாதையில் மொத்தம் பதினொரு திருப்பங்கள். ஒவ்வொன்றிலும் ஓர் ஆள், கடைசிப் பிள்ளை தாண்டும்வரை நகராமல் நிற்க வேண்டும். ஒன்பது பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். இன்னும் இருவர் தேவை. விருப்பமுள்ளவர்கள் ஞாயிறு மாலைக்குள் சங்கத்தில் பெயர் கொடுங்கள். எந்தத் திருப்பம் வேண்டுமானாலும் கேட்கலாம், வேப்பமரத்தடி மட்டும் காலி இல்லை.