சிட்னியில் பிறந்த புதுக்கோட்டை வாரிசு

வெளிநாட்டில் வேலை, வேற்று நாட்டுத் துணை, அங்கேயே ஒரு குழந்தை. இதெல்லாம் ஐ.டி. காலத்துச் சங்கதி என்றுதான் பலரும் நினைக்கிறோம். புதுக்கோட்டையில் இந்தச் சிக்கல் 1916லேயே வந்துவிட்டது, அதுவும் அரண்மனைக்குள்.

மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915 ஆகஸ்ட் 10ஆம் தேதி மெல்போர்னில் மாலி பிங்க் என்ற ஆஸ்திரேலியப் பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். மன்னருக்கு வயது 39, மாலிக்கு 20, 21. அந்த ஊர்ச் சட்டப்படி கல்யாணத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் சமஸ்தானம் பிரிட்டிஷ் இந்திய அரசின் மேலாதிக்கத்தில் இருந்தது. அவர்கள் மாலியை ராணியாக ஏற்க மறுத்துவிட்டார்கள். ஒரு வெள்ளைக்காரப் பெண் இந்திய மன்னருக்கு மனைவியாவது அவர்கள் கௌரவத்துக்கு உறுத்தல்; இவர்களுக்குப் பிறக்கும் பிள்ளை நாளைக்குக் கத்திக்கப்பல் மாதிரி வந்து கத்தியின்றிச் சிம்மாசனம் கேட்குமே என்பது அதைவிடப் பெரிய உறுத்தல்.

இருவரும் புதுக்கோட்டைக்கு வந்தார்கள். சில மாதங்கள்தான் இருந்தார்கள். கர்ப்பமாக இருந்த மாலிக்கு அரளி விஷம் கொடுக்கப்பட்டது என்று சொல்வார்கள். யார் கொடுத்தார்கள் என்ற ஆராய்ச்சிக்குள் நான் போகவில்லை. ஆஸ்திரேலியாவுக்கே திரும்பிப் போனார்கள். 1916 ஜூலை 22 அன்று சிட்னியில் ஆண் குழந்தை. பெயரிலேயே ஊரைச் சேர்த்து மார்த்தாண்ட சிட்னி தொண்டைமான் என்று வைத்தார்கள்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கணும். அன்றைய சட்டப்படி பிரிட்டிஷ் மன்னரின் ஆட்சிப் பகுதியில் பிறந்த குழந்தை பிரிட்டிஷ் பிரஜை. சிட்னியில் பிறந்ததே போதும். ஆனால் சமஸ்தானத்து மக்கள் சட்டத்தின் கண்ணில் பிரிட்டிஷ் பிரஜைகள் அல்ல, பிரிட்டிஷ் 'பாதுகாப்பில்' இருப்பவர்கள். அதாவது குடியுரிமைக் கணக்கில் மகன் புதுக்கோட்டைக்காரர்களைவிட ஒரு படி மேலே. வாரிசுக் கணக்கில் அவனுக்கு இடமே இல்லை.

இன்னொரு வேடிக்கை. மார்த்தாண்ட பைரவரே முந்தைய மன்னருக்கு மகன் அல்ல. மகள் வயிற்றுப் பேரன், சுவீகாரம் எடுக்கப்பட்டவர். அந்தச் சுவீகாரத்தை ஏற்றுக்கொண்ட அதே பிரிட்டிஷ் அரசு, பெற்ற பிள்ளையை ஏற்கவில்லை. ஆக, பிரச்சினை ரத்தமா சுவீகாரமா என்பதே இல்லை. மேலே இருப்பவன் கையெழுத்துப் போடுவானா மாட்டானா என்பதுதான்.

மன்னர் ஆட்சிப் பொறுப்பை விட்டு ஒதுங்கி வெளிநாட்டிலேயே தங்கினார். 1928 மே மாதம் பாரிசில் இறந்தார்; உடல் லண்டன் கோல்டர்ஸ் கிரீனில் எரியூட்டப்பட்டது. பன்னிரண்டு வயது நிரம்பாத சிட்னியை விட்டுவிட்டு, உறவு வழியில் வந்த ஆறு வயது ராஜகோபாலத் தொண்டைமானை அரியணையில் உட்கார வைத்தார்கள். சிட்னி 1984இல் இத்தாலியின் பிளாரன்சில் காலமானார்.

சரி, இன்றைக்கு அதே மாதிரி ஒரு குழந்தை பிறந்தால்? நம் மாவட்டத்திலிருந்து சிங்கப்பூர், மலேசியா போகாத ஊர் குறைவு என்பதால் இந்தக் கேள்வி அரண்மனைக்கு வெளியேயும் பொருந்தும்.

முதலில், பிறந்த மண் குடியுரிமை தரும் என்று நம்பி இருக்கக் கூடாது. இன்றைய ஆஸ்திரேலியாவிலேயே அது போதாது. 1986 ஆகஸ்ட் 20க்குப் பிறகு பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தர வசிப்புரிமை உள்ளவராகவோ இருக்கணும். சிங்கப்பூரில் ஒருவராவது குடிமகனாக இருக்கணும். ஒர்க் பர்மிட்டில் இருக்கும் தம்பதிக்கு அங்கே பிறந்த குழந்தை சிங்கப்பூர்க்காரர் ஆகாது.

இந்தியப் பக்கம் 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு. 1992 டிசம்பர் 10க்கு முன் வெளிநாட்டில் பிறந்தவருக்கு அப்பா வழியாக மட்டும்தான் இந்தியக் குடியுரிமை. நம்மூர்ப் பெண் வெளிநாட்டுக்காரரைக் கட்டினால் பிள்ளைக்குக் கிடையாது. (மாலி கதையைத் திருப்பிப் போட்ட மாதிரி.) அதன் பிறகு அம்மா, அப்பா யார் இந்தியராக இருந்தாலும் சரி. ஆனால் 2004 டிசம்பர் 3 முதல் ஒரு நிபந்தனை: பிறந்த ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதியணும், குழந்தையிடம் வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை என்று எழுதிக் கொடுக்கணும். ஓராண்டு தாண்டினால் மத்திய அரசின் அனுமதி வேண்டும். ஆஸ்பத்திரியில் கொடுக்கும் பிறப்புச் சான்றிதழ் இதற்கு மாற்று அல்ல. பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

இப்படி இந்தியராகப் பதிவான பிள்ளைக்குத் துணையின் நாட்டுக் குடியுரிமையும் பிறப்பாலேயே இருந்தால், பதினெட்டு முடிந்த ஆறு மாதத்துக்குள் அதைத் துறக்கணும். துறக்காவிட்டால் இந்தியக் குடியுரிமை தானாகப் போய்விடும்.

மற்ற நாட்டுப் பாஸ்போர்ட்டே வேண்டும் என்றால் ஓ.சி.ஐ. அட்டை எடுக்கலாம். விசா தொல்லை இல்லை, ஓட்டுரிமையும் இல்லை. விவசாய நிலம் வாங்கவும் முடியாது.

அறந்தாங்கிப் பக்கம் நாலு ஏக்கர் வைத்திருக்கும் தாத்தாக்கள் கவனிக்க வேண்டியது இது. ஓ.சி.ஐ. பேரனுக்கு அந்த வயலைத் தான செட்டில்மென்ட்டாக எழுதிக் கொடுக்க அன்னியச் செலாவணி விதிகள் இடம் தரவில்லை. வாரிசு வழியாகவோ உயில் வழியாகவோ போனால் தடை இல்லை. ஆகவே பத்திர ஆபீசுக்குக் கிளம்புவதற்கு முன்னால் பேரன் கையில் இருப்பது எந்தப் பாஸ்போர்ட் என்று ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.