தவளைத் தோலும் நம் நோயெதிர்ப்பும்

தவளையின் தோல்சுரப்பை உடலில் ஏற்றிக்கொண்டால் நோயெதிர்ப்பு சக்தி கூடுமா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அவர் குறிப்பிடுவது ‘கம்போ’வை. அமேசான் காட்டில் வாழும் ஃபைலோமெடூசா பைகலர் என்ற பெரிய பச்சை மரத்தவளையின் தோல்சுரப்பு அது. மாட்சேஸ் முதலிய பழங்குடிகள் உடலில் சிறு சூடு போட்டு, அந்தப் புண்ணில் இதைத் தடவிக்கொண்டு வேட்டைக்குப் போவது வழக்கம். அதே பொருள் இன்று நகரங்களில் ‘இம்யூனிட்டி பூஸ்டர்’ என்று விலைபோகிறது. தடவிய சில நிமிடங்களில் வாந்தி, முகவீக்கம், படபடப்பு, ரத்த அழுத்தச் சரிவு எல்லாம் வரும். உயிரிழப்புகளும் பதிவாகியுள்ளன. 2021இல் ஆஸ்திரேலியா இதைத் தடைசெய்த நஞ்சுகளின் பட்டியலில் சேர்த்தது. இந்தக் கொந்தளிப்புக்கும் நோயெதிர்ப்புக்கும் தொடர்பில்லை. சுரப்பில் இருக்கும் ஃபைலோசெருலின் போன்ற பெப்டைடுகள் (அமினோ அமிலங்கள் கோத்த சிறு சரங்கள்) நம் குடல் ஹார்மோன்களைப் போல் நடித்துக் குடலைப் பிசைகின்றன. வேறு சில பெப்டைடுகள் ரத்தக்குழாய்களை விரிக்கின்றன. உடல் குலுங்குவதை உடல் வலுப்பெறுவதாக எடுத்துக்கொள்வது ஆபத்து. ஆனால், தவளைத் தோலில் நோயெதிர்ப்பு சார்ந்த மருந்துக்கு எதுவுமே இல்லை என்று சொன்னால் அதுவும் உண்மையாகாது. இருக்கிறது, அது வேறு பெப்டைடுகளின் கதை.

அதன் வரலாறு பலமுறை எழுதப்பட்டுவிட்டது என்பதால் சுருக்கமாக: இத்தாலிய மருந்தியலாளர் விட்டோரியோ எர்ஸ்பாமர் பல ஆண்டுகளாகத் தவளைத் தோல்களிலிருந்து பெப்டைடுகளைப் பிரித்தெடுத்துவந்தார். அமெரிக்க தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் இருந்த மைக்கேல் சாஸ்லாஃப், முட்டைக்காக அறுவை செய்து தைத்த ஆப்பிரிக்க நகத்தவளைகள், கிருமிகள் மிகுந்த தொட்டி நீருக்குத் திரும்பிய பிறகும் புண் சீழ்பிடிக்காமல் ஆறுவதைக் கவனித்தார். தோலைச் சோதித்து 1987இல் மாகைனின் என்ற பெப்டைடை அறிவித்தார். பெனிசிலினுக்கு வாரிசு வந்துவிட்டதாக அப்போதே பேச்சு எழுந்தது.

மாகைனின் எப்படிக் கொல்கிறது என்பதுதான் என்னை வியக்க வைப்பது. பெரும்பாலான ஆன்டிபயாட்டிக்குகள் பாக்டீரியாவின் ஏதோ ஒரு நொதியையோ உறுப்பையோ குறிவைத்து முடக்குபவை. மாகைனினுக்கு அப்படிப்பட்ட இலக்கு இல்லை. 1990இல் இதன் கண்ணாடிப் பிம்பத்தை, அதாவது இயற்கையான இடக்கை அமினோ அமிலங்களுக்குப் பதிலாக வலக்கை அமினோ அமிலங்களை மட்டும் கோத்து, ஆய்வகத்தில் செய்துபார்த்தார்கள். குறிப்பிட்ட ஒரு புரதத்தோடு பொருந்தி வேலைசெய்வதாக இருந்தால் அந்தப் பிம்பம் செயலற்றுப் போயிருக்க வேண்டும். அதுவும் பாக்டீரியாவைக் கொன்றது. ஆகவே இலக்கு செல்சவ்வுதான். மல்லிகையும் கனகாம்பரமும் கலந்து கட்டிய பூச்சரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தளர்ந்து தொங்கும்போது அதில் ஒழுங்கு எதுவும் தெரியாது. மாகைனினும் நீரில் அப்படித்தான் உருவமில்லாமல் மிதக்கிறது. அதையே ஒரு சுற்றுக்கு 3.6 பூ வீதம் முறுக்கினால், மல்லிகையெல்லாம் ஒரு பக்கமும் கனகாம்பரமெல்லாம் மறுபக்கமும் வந்து சேரும்படி வரிசை முன்கூட்டியே அமைந்திருக்கிறது. ஒரு பக்கம் நேர்மின்னூட்டம் கொண்ட லைசின்கள். மறுபக்கம் எண்ணெய்ப்பசையை நாடும் அமினோ அமிலங்கள். இந்த முறுக்கு ஏறுவது சவ்வைத் தொட்ட பிறகுதான். பாக்டீரியாவின் சவ்வில் எதிர்மின்னூட்டம் கொண்ட கொழுப்புகள் மிகுதி. லைசின்கள் அதை நோக்கி இழுக்கப்படுகின்றன. நம் செல்களின் வெளிப்புறக் கொழுப்போ மின்னூட்டத்தில் நடுநிலையானது. கொலஸ்ட்ராலும் அதை இறுக்கிப் பிடித்திருக்கிறது. ஆகவே சரம் பாக்டீரியாவின் எண்ணெய் தடவிய கூந்தலைத் தேடிப் போய் அமர்கிறது. ஒன்றிரண்டு சரங்கள் மேலாகப் படிந்து கிடந்தால் பெரிய சேதமில்லை. எண்ணிக்கை ஒரு வரம்பைத் தாண்டியதும் அவை உள்நோக்கித் திரும்பிச் செருகிக்கொள்ள, கொண்டையே அவிழ்கிறது: சவ்வில் துளைகள் விழுந்து உள்ளிருப்பது கசிய, பாக்டீரியா சாகிறது. நண்பன் யார், பகைவன் யார் என்று 23 அமினோ அமிலங்கள் கொழுப்பின் மின்னூட்டத்தை வைத்தே பிரித்தறிந்துவிடுகின்றன.

கொல்வதோடு நின்றிருந்தால் இவற்றைக் கிருமிநாசினி என்றே சொல்லிவிடலாம். நம் தோலும் வெள்ளணுக்களும் இதே வகையைச் சேர்ந்த எல்எல்-37 என்ற பெப்டைடைச் சுரக்கின்றன. அது பாக்டீரியாவைத் தாக்குவதோடு, வெள்ளணுக்களைத் தொற்று நடக்கும் இடத்துக்கு அழைக்கவும் செய்கிறது. பாக்டீரியாவின் வெளிச்சவ்விலிருந்து உதிரும் எண்டோடாக்சினைப் பற்றிக்கொண்டு, அதற்கு உடல் காட்டும் மூர்க்கத்தையும் தணிக்கிறது. ஐரோப்பியத் தவளையின் தோலில் உள்ள டெம்போரின்-ஏ என்ற 13 அமினோ அமிலப் பெப்டைடு, மனித வெள்ளணுக்களில் எல்எல்-37 பயன்படுத்தும் அதே ஏற்பியைப் பற்றி அவற்றை ஈர்க்கிறது என்று 2004இல் காட்டப்பட்டது. நம் வழியும் தவளையின் வழியும் பிரிந்து 30 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆனபிறகும் ஒரு தவளையின் செய்தி நம் அணுக்களுக்குப் புரிகிறது. மருந்தாகும் வாய்ப்பு இங்கேதான் இருக்கிறது. தொற்று முற்றிய செப்சிஸ் நிலையில் நோயாளியைச் சாய்ப்பது பெரும்பாலும் அவருடைய நோயெதிர்ப்பின் கட்டுமீறிய சீற்றம். முடக்குவாதமும் ஒவ்வாமையும் அந்த சக்தி தவறான இடத்தில் பாய்வதால் வருபவை. இந்த நோயாளிகளிடம் போய் ‘எதிர்ப்பு சக்தியைக் கூட்டுகிறோம்’ என்று சொல்வது கொடுமை. கூட்டவேண்டிய இடத்தில் கூட்டி, அடக்கவேண்டிய இடத்தில் அடக்கும் பொருள்தான் வேண்டும்.

இத்தனை வல்லமை இருந்தும் 1987 முதல் இன்றுவரை மருந்துக்கடைக்கு ஏன் ஒரு மாகைனின் களிம்பு வரவில்லை என்ற கேள்வி நியாயமானது. மாகைனினில் இருந்த 4 லைசின்களை 9 ஆக்கி, பெக்சிகனான் என்ற பெப்டைடை உருவாக்கினார்கள். நீரிழிவுக் கால்புண் உள்ள 835 பேரிடம் நடந்த சோதனைகளில் அந்தக் களிம்பு ஆஃப்லாக்சசின் மாத்திரைக்கு ஏறத்தாழ ஈடாக நின்றது. ஈடாக நின்றது போதாது என்று 1999இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி மறுத்தது. 2016இல் மறுசோதனையில் மருந்தில்லாத வெறும் களிம்பையும் அதனால் மிஞ்ச முடியவில்லை. உடலின் உப்பும் புரதம் சிதைக்கும் நொதிகளும் இத்தகைய பெப்டைடுகளை விரைவில் வலுவிழக்கச் செய்கின்றன. நச்சுத்தன்மை இன்னொரு தடை. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஹைட்ரோஃபைலாக்ஸ் பஹுவிஸ்தாரா தவளையிலிருந்து திருவனந்தபுரம் ராஜீவ்காந்தி உயிரித்தொழில்நுட்ப மையமும் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகமும் எடுத்த 32 பெப்டைடுகளில் 4 மட்டுமே ஃப்ளூ வைரஸை ஒடுக்கின. அவற்றில் 3 மனித சிவப்பணுக்களுக்கு நஞ்சாக இருந்தன. எஞ்சிய உருமின், எச்1 வகை ஃப்ளூவிலிருந்து எலிகளைக் காத்தது. 2017இல் வந்த இந்த முடிவு ‘ஃப்ளூவுக்குத் தவளை மருந்து’ என்று தலைப்புகளில் ஓடியது. எலிக்கும் மனிதருக்கும் இடையே உள்ள தூரம் தலைப்பில் தெரிவதில்லை.

இந்தப் பெப்டைடுகளுக்கு எதிராக பாக்டீரியா பழகிக்கொள்ளவே முடியாது, சவ்வை எப்படி மாற்றிக்கொள்ளும் என்ற நம்பிக்கையும் சாஸ்லாஃப் உட்படப் பலரிடம் நீண்டநாள் இருந்தது. பரிணாமவியலாளர் கிரஹாம் பெல் அதை மறுத்தார். சாஸ்லாஃபும் சேர்ந்தே சோதித்தார். தன் கருத்தைத் தானே சோதனைக்கு ஒப்படைத்த அந்த நேர்மை பாராட்டுக்குரியது. பெக்சிகனானில் 600–700 தலைமுறைகள் வளர்க்கப்பட்ட 24 பாக்டீரியா வரிசைகளில் 22 எதிர்ப்பைப் பெற்றுவிட்டன என்று 2006இல் முடிவு வெளியானது. அப்படியானால் இவை கோடிக்கணக்கான ஆண்டுகளாகத் தவளைக்குப் பயன்படுவது எப்படி என்று கேட்கலாம். தவளை ஒரே பெப்டைடைத் தினமும் பூசிக்கொள்வதில்லை. பல பெப்டைடுகளின் கலவையைச் சுரப்பிகளில் அடைத்துவைத்து, ஆபத்தில் ஒருசேர வெளிவிடுகிறது. அதுவும் எல்லாப் பகைவரிடமும் செல்லுபடியாவதில்லை: தவளைகளின் தோலைத் தாக்கும் கைட்ரிட் பூஞ்சையால் 501 நீர்நில வாழ்வி இனங்கள் சரிந்ததாகவும், அவற்றில் 90 அழிந்திருக்கலாம் என்றும் 2019இல் கணக்கிட்டார்கள்.

இதைவிடக் கவலை தருவது 2012இல் வந்த இன்னொரு முடிவு. பெக்சிகனானுக்குப் பழகிய ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ், நம் வெள்ளணுக்கள் சுரக்கும் டிஃபென்சின் ஒன்றையும் தாங்கப் பழகியிருந்தது. தவளையின் ஆயுதமும் நம்முடையதும் ஒரே தத்துவத்தில் இயங்குபவை. ஒன்றுக்குத் தப்பக் கற்ற கிருமி மற்றதற்கும் தப்பலாம். சாதாரண ஆன்டிபயாட்டிக் தோற்றால் ஒரு மருந்து போகும். இது தோற்றால் நம் உடலின் சொந்தக் காவலே தளரக்கூடும். ஆகவே தவளைப் பெப்டைடு எதையும் களிம்பாகவோ ஊசியாகவோ அனுமதிக்கும் முன், அதற்குப் பழகிய கிருமிகள் எல்எல்-37ஐயும் டிஃபென்சின்களையும் தாங்குகின்றனவா என்ற சோதனையைக் கட்டாயமாக்க வேண்டும். அந்த முடிவு பாதகமாக வந்தால், எலியில் எத்தனை அழகாக வேலைசெய்திருந்தாலும் அதை நிறுத்திவைக்க வேண்டும்.